பாத்திரம் விழுந்ததா?

அலுவலகத்தில் அவளுக்குப் பாத்திரக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நிலநடுக்க ஆய்வு நிலையத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலை ஒட்டிய மேசை அவளுடையது. இருபத்திரண்டு வருடமாக அதே மேசை. அதன் மேல் இரண்டு தொலைபேசிகள், ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர். கூரையிலிருந்து ஒயரில் தொங்கும் விளக்கு ஒன்று. தண்ணீர் குடிப்பதற்கு இல்லை, விளக்கும் எரிவதில்லை. நிலம் அசைந்தால் இரண்டையும் பார்த்து நேரத்தோடு எழுதவேண்டும்.

கீழ்த்தளத்தில், கருவி அறையில், பூகம்பத்தை அளந்தார்கள். அதற்கு ஒரு எண் வரும். பூமிக்கு அடியில் பாறை எவ்வளவு நீளத்துக்கு உடைந்தது, எவ்வளவு விலகியது என்பதைப் பொறுத்த எண் அது. யார் எங்கே நின்று அளந்தாலும் அது ஒன்றுதான். அதில் ஒன்று கூடினால், வெளிப்பட்ட ஆற்றல் முப்பது மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்று அர்த்தம். கருவி அறைக்காரரை எல்லோரும் தசமம் என்றார்கள். அவர் வாழ்க்கையையே புள்ளி வைத்துத்தான் சொல்வார். காபி எப்படி என்று கேட்டால் மூணு புள்ளி எட்டு என்பார்.

அவள் அளந்தது அதை அல்ல. ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு தெருவிலும் மனிதர்களுக்கு அது எப்படி இருந்தது என்பதை. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை முழு எண்கள், புள்ளி கிடையாது. ஒன்று என்றால் யாருக்கும் தெரியவில்லை. மூன்று என்றால் மாடியில் இருந்தவர்கள் லாரி போனதாக நினைத்திருப்பார்கள். நான்கில் அலமாரியில் பாத்திரங்கள் உரசிச் சத்தம் போடும். ஐந்தில் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள், ஓரத்தில் வைத்தது விழும். ஆறில் எல்லோரும் வெளியே ஓடுவார்கள். ஏழில் நிற்பது கஷ்டம். எட்டில் நல்ல சுவர் விரிசல் விடும், மோசமான சுவர் விழும். பன்னிரண்டை அவள் எழுதியதில்லை.

இதற்காகத் தொலைபேசி வரும், தபாலில் படிவங்கள் வரும், சில சமயம் அவளே போய்க் கேட்டு வருவாள். சுவர் விழுந்தது என்பதை மட்டும் வைத்து எண் போடக்கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. சுவர் எப்படிப்பட்டது என்று தெரியாமல், அது எவ்வளவு ஆட்டத்துக்கு விழுந்தது என்று சொல்லமுடியாது. பக்கத்து அலமாரியில் என்ன விழுந்தது என்று பார்க்கவேண்டும். பாத்திரத்தை யாரும் மோசமாகக் கட்டுவதில்லை.

அதனால் எந்தத் தொலைபேசி வந்தாலும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றுதான். பாத்திரம் விழுந்ததா?

அந்த நாளில் நிலம் அசைந்தபோது காலை பதினொன்று நாற்பது. டம்ளரில் தண்ணீர் வட்டமிட்டது, விளிம்பைத் தாண்டவில்லை. விளக்கு கிழக்கு மேற்காக ஒரு சாண் ஆடியது. அவள் எழுந்திருக்கவில்லை. எழுதினாள். தசமம் மாடிப்படியில் பாதி ஏறிவந்து, "அஞ்சு புள்ளி மூணு. நாப்பது கிலோமீட்டர் தள்ளி. முதல் கணக்குதான், மாறும்" என்று கத்திவிட்டு இறங்கிப்போனார். பிறகு தொலைபேசிகள் இரண்டும் ஒரே நேரத்தில் அடித்தன.

"நியூஸ்ல அஞ்சு புள்ளி மூணுன்னு போடறான். எங்க வீட்ல ஒண்ணுமே ஆடல. எதுக்குங்க பொய் சொல்றீங்க?"

"பொய் இல்லைங்க. அது பூகம்பத்தோட நம்பர். நான் கேக்கறது உங்க வீட்டோட நம்பர்."

"பதினேழு பார் பி."

"அது இல்லைங்க. உக்காந்திருந்தீங்களா, நடந்துட்டிருந்தீங்களா?"

"பைக்ல போயிட்டிருந்தேன்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வீட்ல யாராவது இருந்தா போனைக் குடுங்க."

கால்வாய் ஓரத்திலிருந்து ஒரு பெண் அழைத்துத் திட்டினாள். அவர்கள் பக்கத்தில் கண்ணாடி உடைந்திருந்தது, புத்தக அலமாரி சாய்ந்திருந்தது. இதைப் போய் அஞ்சு என்று எந்த முட்டாள் சொன்னான் என்றாள். பூகம்பம் நடந்த இடத்திலிருந்து கால்வாய் ஓரம் நகரத்தின் நடுவைவிட இன்னும் நான்கு கிலோமீட்டர் தூரம். ஆனால் அங்கே மண் வண்டல். அதிர்வு வந்தால் விடாமல் பிடித்து வைத்து ஆட்டும். அவள் பட்டியலில் கால்வாய் ஓரம், ஆறு என்று எழுதினாள். நகரத்தின் மற்ற இடங்களுக்கெல்லாம் நான்கும் ஐந்தும் வந்துகொண்டிருந்தன.

ஒன்று முப்பதுக்கு வந்த அழைப்பில் தெரிந்த குரல். பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா. மூச்சு வாங்கியது.

"அக்கா, நான்தான்."

"சொல்லுங்க. பாத்திரம் விழுந்துச்சா?"



"பாத்திரம் இல்லக்கா. உங்க வீட்டுப் பின்னாடி ரூம் சுவரு."

அவள் தெருவின் பெயரை எழுதினாள். எதிரே நேரத்தை எழுதினாள். "யாருக்காவது அடியா?" என்றாள். அதுவும் படிவத்தில் உள்ள கேள்விதான்.

பாத்திரக்காவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவர். வேலை வீட்டில்தான். நான்கு வருடத்துக்கு முன்பு அந்த வேலைக்கென்று வீட்டின் பின்னால் ஒரு அறை எடுத்தார்கள். நாலரை அங்குலச் சுவர், மேலே தகரக் கூரை. எடுத்துக் கட்டியது அவளுடைய அண்ணன். கட்டட மேஸ்திரி. தங்கை வீடு என்று கூலிக்குக்கூட வாய் திறக்கவில்லை. பதினொன்று நாற்பதுக்கு அந்த அறையின் நீளச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. அண்ணன் பத்து நிமிடத்தில் வந்துவிட்டான். கையாலேயே செங்கலை அள்ளினான். தெருவே சேர்ந்து அள்ளியது. ஒன்றேகால் மணிக்கு அவரை வெளியே எடுத்தார்கள்.

அவள் அன்றைக்குப் பட்டியலைத் தசமத்திடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினாள். பேனா மூடி காணவில்லை என்று தேடியதாகப் பிறகு அவர் எல்லோரிடமும் சொன்னார். சொல்லும்போது அவர் புள்ளி எதுவும் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். தட்டு வைத்தால் சாப்பிட்டாள். வந்தவர்கள் அழுதால் அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்தாள். அழுகை வரவில்லை. வராததைப் பற்றியும் ஒன்றும் தோன்றவில்லை. காலில் ரத்தம் ஓடாமல் உட்கார்ந்து எழுந்தால் தரை எங்கேயோ இருப்பதுபோல் இருக்குமே, அப்படி இருந்தது. ஐந்து புள்ளி மூன்றை அன்று மாலையே ஐந்து புள்ளி ஒன்றாகத் திருத்திவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். திருத்துவார்கள், வழக்கம்தான் என்றாள்.

அண்ணன் பேசுவதை நிறுத்தியிருந்தான். எந்த வேலைக்கும் போகவில்லை. கரணையும் மட்டப்பலகையும் கதவுக்குப் பின்னால் கிடந்தன. அவனுடைய மனைவிதான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள்.

"ரெண்டு பேரும் இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருந்தா நான் யார்கிட்ட பேசறது, சுவத்துகிட்டயா?" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, சொன்ன சொல்லைக் கேட்டு உள்ளே போய்விட்டாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அவன் தங்கைக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தான்.

"பாப்பா. நம்ம தெருவுக்கு எத்தனைன்னு போட்டாச்சா?"

"இன்னும் இல்ல. படிவம் வரணும்."

"எட்டு வருமா?"

"தெரியல."

"இன்ஜினியர் வந்தாரு. நகராட்சி ஆளு. உங்க ஆபீஸ்ல தெருவுக்கு ஒரு நம்பர் போடுவாங்களாம். ஏழு, எட்டுன்னு வந்தா நல்ல சுவரே தாங்காது, கேஸ் இல்லன்னாரு. அதுக்குக் கீழன்னா..." அவன் கைகளைப் பார்த்துக்கொண்டான். விரல் நுனிகளில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. "எட்டுன்னா மண்ணு. அஞ்சுன்னா நான்."

"உனக்குத் தெரியாதா?"

"சத்தியமாத் தெரியல. அந்த வருஷம் கம்பிக்குத் தட்டுப்பாடு. சில வீட்டுக்கு பெல்ட்ல நாலு கம்பி ஓட்டினேன். சில வீட்டுக்கு வெறும் கான்கிரீட்தான், கம்பி வந்ததும் பாத்துக்கலாம்னு. உன் வீட்டுக்கு எதைப் பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். வரமாட்டேங்குது. தங்கச்சி வீடு, போடாம விட்டிருப்பேனான்னு ஒரு மனசு சொல்லுது. தங்கச்சி வீடுதானே, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டிருப்பேன்னு இன்னொண்ணு சொல்லுது."

பெல்ட் என்று அவன் சொன்னது சுவரின் தலையில் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டையை. கம்பி இருந்தால் அது சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கும். இல்லாவிட்டால் அது தலையில் வைத்த பாரம். விழுந்த இடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அன்றைக்கு அவரை எடுக்கும் அவசரத்தில் பட்டையைச் சம்மட்டியால் உடைத்தார்கள். இடிபாட்டை அன்று மாலையே லாரி அள்ளிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே பள்ளத்தில் கொட்டியது. அண்ணன் அங்கே போய்ப் பார்த்திருந்தான். கம்பி இருந்திருந்தால் பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் எடுத்திருப்பார்கள். இல்லாதிருந்தால் எடுக்க ஒன்றும் இருந்திருக்காது. பள்ளம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது.

அவள் பதினேழாம் நாள் வேலைக்குப் போனாள். மேசையில் டம்ளர் தண்ணீர் வற்றி அடியில் வெள்ளையாக வட்டம் கட்டியிருந்தது. கழுவி, நிரப்பி வைத்தாள்.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் நகரத்தின் வரைபடம் விரித்திருந்தது. தெருத்தெருவாக எண்கள். நான்கு, ஐந்து, ஐந்து, நான்கு. கால்வாய் ஓரம் ஆறு. நடுவில் அவள் தெருவின் மேல் பென்சிலால் ஒரு எட்டு, பக்கத்தில் கேள்விக்குறி.

"உங்க தெருவிலேர்ந்து ஒன்பது படிவம் வந்திருக்கு. ஒன்பதும் எட்டு சொல்லுது" என்றார். "சுத்தியிருக்கற தெரு எல்லாம் அஞ்சு. மண் வித்தியாசமோன்னு பாத்தேன். அதே செம்மண் தரைதான், கீழே பாறை. நகராட்சி கேட்டிருக்கு, பதில் எழுதணும். இதுல நீங்க வேண்டாம்மா. நான் யாரையாவது அனுப்பறேன்."

"யாரை?"

வேறு யாரும் இல்லை. தசமத்தை அனுப்பலாம். அவர் மனிதர்களிடம் கேள்வி கேட்டால் காது கேளாதவரிடம் பேசுவதுபோல் கத்துவார்.

"படிவத்தைக் குடுங்க சார். பாத்துட்டு வர்றேன். நீங்க கையெழுத்துப் போடுங்க."

ஒன்பதையும் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தாள். நிற்கமுடியவில்லை. கனமான மேசை நகர்ந்தது. அலமாரி கவிழ்ந்தது. பாத்திரங்கள் அனைத்தும் விழுந்து உடைந்தன. சுவரில் அகலமான விரிசல். ஒன்பதிலும் இதே வரிசை. ஒன்றுகூடத் தப்பில்லை. எட்டு என்று அச்சிட்ட விளக்கத்தில் எது முதலில் வருமோ அது முதலில் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு படிவத்தை அவள் பார்த்ததில்லை. நிஜப் படிவத்தில் வேண்டாததெல்லாம் இருக்கும். பால் பொங்கிவிட்டது என்று இருக்கும். எதிர்வீட்டுக்காரர் துண்டோடு ஓடினார் என்று இருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் இருக்காது.

கையெழுத்துகள் வேறுவேறுதான். ஆனால் ஒன்பது படிவத்திலும் தேதியை மட்டும் ஒரே கை எழுதியிருந்தது. எட்டில் மேல் வட்டத்தை மூடாமல் விடுகிற கை. அண்ணி அப்படித்தான் எழுதுவாள்.

முதலில் தையற்காரம்மா வீட்டுக்குப் போனாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னா ஆட்டம்க்கா அது. நிக்கவே முடியல. மேசை நகந்துச்சு" என்றாள்.

"எந்த மேசை?"

"தையல் மெஷின் மேசை. இங்கேர்ந்து அங்க."

"பீரோ?"

"பீரோ அப்படியே கவுந்துடுச்சு. தூக்கி நிறுத்தினோம்."

அவள் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி, பீரோவின் பக்கத்தில் போட்டு ஏறிப் பார்த்தாள். பீரோவின் தலையில் பழைய சென்ட் பாட்டில்கள் பதினொன்று வரிசையாக நின்றன. காலி பாட்டில்கள். அந்த அம்மாவின் மகள் வெளிநாட்டிலிருந்து வரும்போதெல்லாம் கொண்டுவந்தவை. மேலே கனத்த தூசி. அவள் ஒரு பாட்டிலைத் தூக்கினாள். அடியில் தூசி இல்லாத சுத்தமான வட்டம். கீறல் இல்லாத வட்டம். பாட்டில் ஒரு நூல்கூட நகர்ந்திருக்கவில்லை. இன்னொன்றைத் தூக்கினாள். அதுவும் வட்டம். தரையைப் பெருக்கியிருந்தார்கள், உடைந்ததாகச் சொன்ன பாத்திரங்களை எங்கோ ஒளித்திருந்தார்கள். பீரோவின் தலையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கீழே நின்ற தையற்காரம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூசியா இருக்குல்லக்கா? துடைக்கணும்னு நெனச்சுட்டே இருக்கேன்."

"துடைக்காதீங்க" என்று இறங்கினாள்.

அடுத்தது ரைட்டு வீடு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் ரைட்டு என்பார்.

"எப்படி இருந்துச்சுண்ணே?"

"எட்டும்மா. சந்தேகமே வேணாம். எட்டேதான்."

"எட்டுன்னு நான்தானே சொல்லணும். உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"ரைட்டு. நிக்கவே முடியல. சுவத்தைப் புடிச்சேன், சுவரும் ஆடுது. ஓடற பஸ்ல முப்பது வருஷம் கம்பியப் புடிக்காம நின்னவன் நான், விழுந்துட்டேன்னா பாத்துக்க."

சமையலறையிலிருந்து அவர் மனைவி தலையை நீட்டினாள். "யாரு விழுந்தது? பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருந்தீங்க. காபி ஊத்திட்டிருந்தேன், ஃப்ளாஸ்க்லேர்ந்து. ஏங்க ஆடுதேன்னு கேட்டேன். ஊத்தி முடின்னீங்க."

"சிந்துச்சா?" என்றாள் அவள்.

"எதுக்குச் சிந்துது? லேசா அலம்பிச்சு, அவ்ளோதான்."

ரைட்டு மனைவியைப் பார்த்தார். மனைவிக்குப் புரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"உன் அண்ணனுக்காகத்தாம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்து. "கையில ரத்தம் ஒழுக ஒழுக அள்ளினான். நாங்க பாத்தோம். போனவரு திரும்பியா வரப்போறாரு? ஒரு நம்பர்தானே. எட்டுன்னு போட்டா யாருக்கு என்ன குறையப் போகுது?"

அவள் படிவத்தில் காபி சிந்தவில்லை என்று எழுதிக்கொண்டாள்.

கடைசியாகத் தன் வீடு. பதினேழு நாள் பூட்டிக் கிடந்த வாடை. முன்னறையைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள். பின்பக்கக் கதவைத் திறக்கவில்லை. அதற்கு அந்தப் பக்கம் வெறும் வெளி.

காலையில் பாத்திரம் கழுவி வைப்பது அவர் வேலை. கழுவிய டம்ளர்களை மேடையில் கவிழ்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். கீழே நான்கு, அதன்மேல் மூன்று, இரண்டு, உச்சியில் ஒன்று. இதென்ன சர்க்கஸா, கைபட்டா மொத்தமும் போகும் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அந்த அடுக்கு அப்படியே நின்றது. கீழே நான்கு. மூன்று. இரண்டு. உச்சி டம்ளர் மட்டும் விழுந்து, தொட்டிக்குள் கிடந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். டம்ளர் நெளியவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். ஏதாவது வரும் என்று நினைத்தாள். தெருவில் ஒரு ஆட்டோ போனது. அவள் படிவத்தை எடுத்து எழுதினாள்: அடுக்கிய டம்ளர் பத்தில் ஒன்று விழுந்தது. ஒன்பது விழவில்லை.

பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, தீவிரம் என்ற கட்டத்தில் ஐந்து என்று எழுதினாள். எழுதுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

அண்ணன் வீட்டில் இன்னும் விளக்குப் போடவில்லை. அண்ணி வாசலிலேயே மறித்தாள்.

"நேரா ஆபீஸ் போவன்னு நெனச்சேன்."

"நாளைக்குக் குடுக்கணும். அண்ணன்கிட்ட முதல்ல சொல்லிடறேன்."

"என்ன சொல்லப் போற?" அண்ணி குரலை இறக்கினாள். "நான்தான் வீடு வீடாப் போனேன். அவருக்குத் தெரியாது. உன் ஆபீஸ் புக்கைப் பாத்துத்தான் சொல்லிக் குடுத்தேன். திட்டறதுன்னா என்னைத் திட்டு. அவரு சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா? நீயே எழுதினா அவருக்கு அது கோர்ட்டு தீர்ப்பு மாதிரி. உனக்கு இருக்கறது ஒரே அண்ணன்."

"ஆமா."

"அப்ப எட்டுன்னு சொல்லு. ஆபீஸ்ல என்ன வேணா எழுதிக்கோ. அவருகிட்ட எட்டுன்னு சொல்லு."

அது அவளுக்குத் தோன்றாத வழி. அங்கேயே நின்று யோசித்துப் பார்த்தாள். உள்ளே அண்ணன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவர்கள் பேசியது அவனுக்குக் கேட்டிருக்கவேண்டும். தலையைத் திருப்பவில்லை.

அவள் உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கடைக்காரன் விலை சொல்லி, சரி என்று வாங்கிக்கொள்வதுபோல ஆட்டினான்.

"கால்வாய்ப் பக்கம் ஆறு வந்திருக்குன்னாங்களே."

"அது வண்டல் மண்ணு. நம்மது இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். டம்ளர் அடுக்கு நிக்குது."

"அவரு அடுக்கினதா?"

"ம்."

அண்ணி சுவரில் சாய்ந்து நின்று, சத்தமில்லாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் கட்டுப்போட்ட விரல்களால் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. தேடினாள். கோபமாகவும் எதுவும் கிடைக்கவில்லை. அன்று அவன் சொன்னதில் ஒரு வார்த்தை மட்டும், அப்போது காதில் விழுந்து உள்ளே போகாமல் நின்றது, இப்போது போனது. சில வீட்டுக்கு.

"அண்ணா. அந்த வருஷம் மொத்தம் எத்தனை வீடு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பதினேழு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"எத்தனை வீட்டுக்குக் கம்பி இல்லாம பெல்ட் போட்ட?"

"எதுக்கு எதுன்னு ஞாபகம் இல்லன்னு சொன்னேனே."

"அப்ப எல்லாத்தையும் சொல்லு."

அவள் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் ஒன்று என்று எண் போட்டாள். அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். முதல் வீடு வர வெகுநேரம் ஆனது. பிறகு வந்துகொண்டே இருந்தது.

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி சைக்கிள் கடைக்காரர், மாடி ரூம். பல் டாக்டர் வீட்டுக் கார் ஷெட்டு. பள்ளிக்கூடத்து வாத்தியார், ரெட்டை ரூம், அதுல ஒண்ணுல டியூஷன் நடக்குது. சலூன்காரர் மச்சான் வீடு. பேக்கரி பின்கட்டு."

"பேக்கரி எந்தத் தெரு?"

"தபால் ஆபீஸ் எதிர்த்தாப்ல. அடுப்பு அந்தச் சுவத்தை ஒட்டித்தான் இருக்கு. அப்புறம் ரெண்டு அக்கா தங்கச்சி இருக்காங்களே, நர்ஸு, அவங்க வீடு."

அவள் எழுதினாள். சுவரின் நீளம், உயரம், அதன் அடியில் யார் உட்காருகிறார்கள், யார் படுக்கிறார்கள். அவன் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிச் சொன்னான். செங்கல் கணக்குக்கூட ஞாபகம் இருந்தது. கம்பி மட்டும் இல்லை. பதினான்காவதில் நிறுத்தினான்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்னு நெனைக்கறேன்."

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் அண்ணி.

இருவரும் திரும்பினார்கள். அவள் இன்னும் சுவரில்தான் சாய்ந்திருந்தாள். அவர்களைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம மாடி ரூம். அந்த வருஷம் கோடையிலதானே எடுத்தீங்க? பொண்ணு பரீட்சைக்குப் படிக்கணும்னு."

மேலே மகள் சத்தமாகப் பாடம் படிப்பது கேட்டது.

அண்ணி சுவரிலிருந்து விலகினாள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பாடம் நின்றது. "எதுக்கும்மா இப்ப? நாளைக்கு டெஸ்ட்டு" என்று மகளின் குரல். பிறகு கட்டிலை இழுக்கும் சத்தம்.

கீழே அவள் பதினைந்து என்று எண் போட்டு, நீளம் எவ்வளவு என்று கேட்டாள்.

கட்டில் ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு இறங்கிவந்தது.